ஜட்ஜ் வீட்டு பேட்டரி

எங்கள் ஊரில் பழைய பேட்டரி வாங்கப் போகிறவர்கள் அதன் வயதை முதலில் கேட்பதில்லை. இன்னும் எவ்வளவு மின்சாரம் அதில் தங்கும் என்றும் கேட்பதில்லை. எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கேட்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் சித்தி ஏன் புருஷனோடு வாழவில்லை என்று விசாரிப்பதைப் போல.

திருச்சியில் கோடை இப்போது பத்து மாதம். மிச்ச இரண்டு மாதம் மழை என்ற பெயரில் வருகிற புழுக்கம். மின்சாரம் போனால் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. புது பேட்டரி வாங்க எங்களைப் போன்றவர்கள் ஒரு வருடம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அதனால்தான் பாலக்கரையில் மேம்பாலத்துக்கு அடியில் பழைய பேட்டரிச் சந்தை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் கல்யாண மண்டபம் என்று நினைக்கத் தோன்றும். அவ்வளவு ஜரிகை.

என் அப்பா சிங்காரவேலு எங்களோடு வந்து சேர்ந்த பிறகு நாங்களும் அந்தக் கூட்டத்தில் போய் நின்றோம். அப்பா கல் உடைக்கும் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலை அவருக்குக் கொடுத்த ஓய்வூதியம் அவருடைய நுரையீரலிலேயே இருக்கிறது, தூளாக. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவர் கட்டிலுக்கு அருகில் எந்நேரமும் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் மாட்டிக்கொள்ளச் சின்ன சிலிண்டர் ஒன்று உண்டு. அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஆக, பேட்டரி அப்பாவுக்காகத்தான். ஆனால் பாதிப் பணத்தை என் கணவரின் அக்கா சாரதாமணி அண்ணி கொடுத்தார். அவர் மகன் கல்யாணமாகித் தனி வீடு போகும்போது பேட்டரி அங்கே போய்விட வேண்டும் என்பது பேச்சு. பாதிப் பணம் கொடுத்தவருக்கு முழு அபிப்பிராயம் சொல்கிற உரிமை எப்படியோ வந்துவிடுகிறது. என்னோடு சந்தைக்கு வந்தவர் அவர்தான். என் கணவருக்கு அன்று போனில் ஏதோ வேலை.

"இது எந்த வீட்டுது?" என்று அண்ணி கேட்டார்.

கடைக்காரர் குணசீலன் காதில் வைத்திருந்த பென்சிலை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "அம்மா, இதை நீங்க கேக்கவே வேணாம். ஜட்ஜ் வீட்டுது. தில்லைநகர். ரிட்டயர்டு ஜட்ஜ். மூணு வருஷம் அங்கதான் இருந்துச்சு."

"எத்தனை பேர் வீட்ல?"

"நாலே பேரு. சத்தமே கேக்காத வீடு. காலைல பூஜை, சாயங்காலம் நியூஸ். வாஷிங் மெஷினைக்கூட மதியத்துல போட மாட்டாங்க."

அண்ணி குனிந்து பேட்டரியின் மேல்மூடியைத் தடவிப் பார்த்தார். பட்டுப்புடவையில் நூல் பார்க்கிற அதே விரல்.

"எந்த வீட்டுதா இருந்தா என்னங்க? கரண்டு கரண்டுதானே?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை. அவர்கள் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். இதுக்குள்ள ஒரு மூளை இருக்கு. மிக்ஸி கரண்டை இழுக்கறது ஒரு மாதிரி, ஃபேன் இழுக்கறது வேற மாதிரி. அந்த இழுப்பை வச்சே இன்ன சாமான்னு கண்டுபிடிச்சிடும். எந்த ரூம்னும் தெரியும். சார்ஜ் பாதிக்குக் கீழ இறங்குச்சுன்னா வீட்டுத் தலைவர் போனுக்குக் கேள்வி அனுப்பும். இந்தச் சாமானுக்குத் தரவா, வேணாமா? மூணு தடவை ஒரே பதிலைச் சொல்லிட்டீங்கன்னா கத்துக்கும். அதுக்கப்புறம் உங்களத் தொந்தரவு பண்ணாது. தானாப் பாத்துக்கும்."

"கத்துக்கிட்டதை மாத்தணும்னா?"

"மாத்த முடியாது. மொத்தமா அழிக்கத்தான் முடியும். அழிச்சா பச்சைக் குழந்தை மாதிரி. செல் சார்ஜர் வரைக்கும் ஒண்ணொண்ணா கேட்டு உசிரை வாங்கும். விலையும் பாதியாயிடும். அதனாலதான் எல்லாரும் நல்ல வீட்ல பழகுனதாப் பாத்து வாங்கறாங்க."

"பொண்ணு எடுக்கற மாதிரி."

"கரெக்டா சொன்னீங்க மேடம்!" என்றார் குணசீலன் மனம் குளிர்ந்து. அவருக்குக் குத்தல் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்தது. அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கடையின் மூலையில், சாக்குக்கு அடியில், இன்னொரு பேட்டரி கிடந்தது. அதே அளவு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருந்தது.

"அது?"

"அது உங்களுக்கு வேணாம் மேடம். பெரியாஸ்பத்திரி பக்கத்துல ஒரு லாட்ஜ்ல இருந்தது. ஆஸ்பத்திரில பெட்டு கிடைக்காதவங்க, டிஸ்சார்ஜ் ஆனவங்க, அவங்க தங்கற எடம். ஒரு வருஷமாக் கெடக்கு. விலை சொன்னா சிரிப்பீங்க. அப்பவும் யாரும் தொட மாட்டேங்கறாங்க."

"எத்தனை சாவைப் பாத்துச்சோ!" என்றார் அண்ணி. "அதையா வீட்டுக்குள்ள கொண்டு வப்பாங்க?"

ஜட்ஜ் வீட்டு பேட்டரியை வண்டியில் ஏற்றினார்கள். குணசீலன் தன் கருவியை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "வீட்டுத் தலைவர் நம்பர் சொல்லுங்க."

ரேஷன் கடையில் கேட்பார்கள், கேஸ் ஏஜென்சியில் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். என் சம்பளத்தில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்குக்கூடக் கேட்டார்கள். நான் என் கணவரின் எண்ணைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. மூன்று தடவைக்கு மேல் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய நாக்கு.

*

என் கணவர் தனபாலனைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. தீங்கில்லாதவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், என் சம்பளத்தைக் கேட்க மாட்டார். முன் அறையில் ஏ.சி.க்கு நேரே உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் போனில் ஆயுள் காப்பீடு விற்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது திரையில் ஏதாவது வந்து விழும். பார்க்காமலேயே கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார். வாழ்த்து, விளம்பரம், வங்கியின் எச்சரிக்கை, என்னுடைய 'பால் வாங்கிட்டீங்களா', எல்லாவற்றுக்கும் அதே தள்ளு. பழத்தட்டில் உட்கார்ந்த ஈயை விரட்டுவதைப் போல. அந்த விரலைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வரும். கணவனை மனத்துக்குள் கேலி செய்துகொண்டு வாழ்வது ஒன்றும் கஷ்டமான வாழ்க்கை இல்லை. பலர் அதைப் பாசம் என்றே நினைத்துக்கொண்டு செத்துப்போகிறார்கள்.

பேட்டரி வந்த புதிதில் அவர் போன் வழக்கத்தைவிட அதிகமாகச் சிணுங்கியது. இரண்டு வாரத்தில் அடங்கிவிட்டது. "பாத்தியா, ஜட்ஜ் வீட்டுப் பழக்கம்! சத்தமில்லாம வேலை பாக்குது," என்றார் அண்ணி. மின்சாரம் நின்றாலும் முன் அறையில் ஏ.சி. ஓடியது. அண்ணி மதியங்களில் வந்து அதன் கீழே உட்கார்ந்து எங்களை வாழ்த்திவிட்டுப் போனார்.

"என்னப்பா, மெஷின் நல்லா ஓடுதா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"ஓடுது. நடுவுல கொஞ்சம் நின்னு யோசிச்சுது. அதுக்குள்ள கரண்டு வந்துடுச்சு," என்றார். "பெரிய எடத்துலேர்ந்து வந்திருக்குல்ல. வாய்தா போடும்போல."

இரண்டு மூன்று தடவை அப்படி நின்றதாம். பேட்டரிக்கு மாறுகிற நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மின்சாரம் காலையில் போனது. நான் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சந்தேகம் எதுவும் இல்லை. வீட்டில் பேட்டரி இருக்கிறது, முழு சார்ஜில் இருக்கிறது, கணவர் இருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டு மதியம் வரை ஊர்க்காரர்களின் மூக்குகளில் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் முன் அறை ஜில்லென்று இருந்தது. கணவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்துவிட்டுப் போனில் தொடர்ந்தார். "நாம போனதுக்கப்புறமும் நம்ம குடும்பம் நல்லா இருக்கணும் சார். அதானே முக்கியம்?"

பின் அறையில் சத்தம் இல்லை. அந்த மெஷினின் உறுமல் இல்லாத அறை எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. அப்பா கட்டிலில் இல்லை. குளியலறை வாசலில், ஈரத்தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் சிலிண்டரின் குழாய். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"வந்துட்டியா?" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்றார். "ஜட்ஜ்... ஜாமீன்... தரல."

மெஷினைத் தட்டினேன். பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினேன். இரண்டு விநாடி உறுமும், நின்றுவிடும். முன் அறைக்கு ஓடி ஏ.சி.யை அணைத்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். மறுபடியும் இரண்டு விநாடிதான். பேட்டரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் இருந்தது. தர முடியாமல் இல்லை. தரவில்லை.

அன்று அப்பா பிழைத்தது எங்கள் யாருடைய நல்லெண்ணத்தாலும் அல்ல. ஊரில் எங்கோ ஒருவர் கம்பத்தில் ஏறி எதையோ சரிசெய்தார். விசிறி சுழன்றது, மெஷின் உறுமியது. நான் அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் வாசலில் வந்து நின்றார், காதில் கருவியோடு.

"கூப்பிட்டேன் மாப்ளைய," என்றார் அப்பா, கொஞ்ச நேரம் கழித்து. "பாவம், அவரு வேலையில இருந்தாரு."

*

"இன்னிக்கு உங்க போனுக்கு ஏதாவது கேள்வி வந்துச்சா?" என்று கணவரைக் கேட்டேன்.

"இன்னிக்கா? இல்லவே இல்ல. சத்தியமா," என்றார். முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை.

குணசீலனுக்குப் போன் செய்தேன்.

"கேக்கலையா?" என்றார் அவர். "அப்ப அது ஏற்கெனவே கத்துக்கிட்ட மெஷினா இருக்கும் மேடம். தெரியாத சாமானைக் கேக்காம நிறுத்தவே நிறுத்தாது."

"ஏற்கெனவேன்னா?"

"முன்ன இருந்த வீட்ல அந்த மாதிரி மெஷின் ஓடியிருக்கும். வேணாம்னு சொல்லியிருப்பாங்க." பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜட்ஜோட சம்சாரம் தவறிட்டாங்கன்னு கேள்வி. எனக்கென்ன தெரியும்? நான் யாவாரி."

சாரதாமணி அண்ணியை வரவழைத்தோம். பேட்டரியை அழிக்க வேண்டும் என்றேன்.

"அழிச்சா பாதி விலைதான் போகும். ஜட்ஜ் வீட்டுதுன்னு சொல்லிக்கவும் முடியாது," என்றார் அண்ணி. "உங்கப்பாவ ரெண்டு மாசம் உங்க அண்ணன் வீட்ல கொண்டுபோய் விடேன். அங்க காத்தோட்டமா இருக்கும்."

"அண்ணி, மூச்சு மெஷினை மொத ஆளா நிறுத்தறதுக்கு அந்த வீட்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. அது என்ன அர்த்தம்னு புரியுதா?"

"சே! அவ்வளவு பெரிய மனுஷங்களப் பத்தி வாய் கூசாமப் பேசறியே. அந்தம்மா காரியத்துக்குத் தெரிஞ்சவங்களோட நானும் போயிருந்தேன். மருமக அப்படி அழுதா."

"அதான் அழுதிருக்கா."

"ஒரு வாரம் பொறு தமயந்தி," என்றார் என் கணவர் இருவருக்கும் பொதுவாக. "பாத்து ஏதாவது பண்ணலாம்." அவர் கட்டைவிரல் எதையோ தள்ளியது.

சிலிண்டர்கள் இரண்டு வாங்கி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவி கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஒருமுறை ஓடிவந்து பார்த்தேன். இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். ஜட்ஜ் வீட்டை வெறுக்கிற சந்தோஷம். கண்ணாடிப் பிரிவில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே அந்த வீட்டை மனத்தில் கட்டினேன். பின்பக்கம் ஓர் அறை. அதில் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு வயதான பெண். முன்னே நியூஸ் ஓடுகிறது. ஜட்ஜ் போனை எடுக்கிறார், கேள்வியைப் படிக்கிறார், நிதானமாக 'வேண்டாம்' என்று தீர்ப்பெழுதுகிறார். பிறகு மருமகள் அழுகிறாள், அண்ணி அதைப் பார்த்து மெச்சிவிட்டுக் காபி குடிக்கிறார். இந்த ஊரின் நல்ல குடும்பங்கள் எல்லாவற்றையும் அந்த அறையில் கொண்டுபோய் நிறுத்தி ஒவ்வொருவராக முகத்தில் துப்பினேன். என் வெறுப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. யாருக்கும் அதில் பங்கு இல்லை.

சனிக்கிழமை அந்த வீட்டுக்கே போனேன்.

*

கதவைத் திறந்தது மருமகள். என் வயதுதான் இருக்கும். கையில் கீரைக்கட்டு. உள்ளே, சன்னல் ஓரத்தில், ஒரு முதியவர் சோப்புத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பேட்டரி வாங்கியவள் என்றதும் உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "உங்க மாமியாருக்கு மூச்சு மெஷின் வச்சிருந்தீங்களா? அதை நிறுத்தச் சொன்னது யாரு?"

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கீரையை மேசையில் வைத்தாள்.

"அத்தை போனது மார்கழியில. கோயம்புத்தூர்ல, பொண்ணு வீட்ல. கீழ விழுந்து இடுப்பு எலும்பு ஒடிஞ்சு, ஆஸ்பத்திரில போனாங்க. இந்த வீட்ல அந்த மாதிரி மெஷின் இருந்ததே இல்லை."

"பேட்டரி கத்துக்கிட்டிருக்கே?"

"இங்க கத்துக்கிச்சா?" அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பை உள்ளே இருந்தவருக்குக் கேட்காதபடி அடக்கிக்கொண்டாள். "அதை ஏன் வித்தோம்னு தெரியுமா? மூணு வருஷம் ஒண்ணுமே கத்துக்கல. கேள்வி எல்லாம் மாமா போனுக்குத்தான் வரும். அவரு ஒண்ணொண்ணையும் நிறுத்தி விசாரிப்பாரு. ஃப்ரிட்ஜுக்குத் தரவான்னு கேட்டா, உள்ள என்ன இருக்குன்னு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாரு. பால் இருந்தா தருவாரு. இல்லைன்னா மாட்டாரு. ஃபேனுக்குத் தரவான்னா, யாரு படுத்திருக்கான்னு எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வருவாரு. ஒரே பதில் மூணு தடவை வந்தாத்தானே அது கத்துக்கும்? வரவே வராது. நாளெல்லாம் டிங் டிங்னு கேட்டுக்கிட்டே கெடக்கும். என் வீட்டுக்காரருக்குப் பைத்தியம் புடிச்சு, வித்துட்டாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும்மா அது?"

"பேட்டரி வாங்கினவங்க மாமா."

"அதுல என்ன பிரச்சனை? முழுசாச் சொல்லச் சொல்லு."

"ஒண்ணும் இல்ல மாமா," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுலேர்ந்து அது வெறும் ஸ்லேட்டாத்தான் வந்துச்சு. அதுல யார் எழுதினாங்கன்னு என்னைக் கேட்டா? இப்ப கேள்வி யார் போனுக்குப் போகுதோ அவங்களைக் கேளுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்தது. சந்தையில் நான் அண்ணியைப் பார்த்த பார்வை அது. இத்தனை நாள் அதை உள்ளிருந்து மட்டும்தான் அறிந்திருந்தேன்.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மின்சாரம் இருந்தது. அப்பாவின் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. கணவர் காதில் மாட்டியிருந்த கருவியை நானே கழற்றினேன். பதினான்கு வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

"பேட்டரி உங்ககிட்ட ஏதாவது கேட்டுச்சா? அன்னிக்கு இல்ல. வாங்கின புதுசுல."

"கேட்டுச்சே," என்றார் சாதாரணமாக. "நாளெல்லாம் கேட்டுச்சு. க்ளையன்ட்கிட்ட பேசிட்டிருக்கும்போதுதான் கேக்கும். அப்புறம் தானா நின்னுடுச்சு."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"என்ன பதில்? இப்படித் தள்ளிவிட்டேன்." கட்டைவிரலைக் காற்றில் வைத்து இடது பக்கம் தள்ளிக் காட்டினார்.

"இடது பக்கம் தள்ளினா வேணாம்னு அர்த்தம். பேட்டரி மூடியிலயே போட்டிருக்கு."

"ஓ," என்றார்.

"அப்ப ஏ.சி. மட்டும் எப்படி ஓடுது?"

"அது ஏ.சி.ன்னு பேரோட வந்துச்சு. அதுக்கு சரின்னு போட்டேன்."

"மெஷினுக்கு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார், உதவி செய்கிற முகத்தோடு. "மெஷின்னு வரல. பின் அறை, தெரியாத சாமான்னு ஏதோ வந்துச்சு. மாமாவோட ஃபேனா இருக்கும்னு நெனச்சேன்."

அந்த முகத்தை நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதாவது இருக்கும் என்று தேடினேன். என் அப்பாமேல் ஒரு பழைய கோபம், செலவைப் பற்றிய எரிச்சல், அக்கா சொல்லிக் கொடுத்த ஒரு வார்த்தை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எதிரே ஒரு ஆள் இருந்திருப்பான். ஒன்றும் இல்லை. விசிறியாக இருந்தாலும் அந்த வெக்கையில் ஒரு நோயாளிக்கு அது வேண்டாம் என்று தான் சொல்லிக்கொண்டிருப்பதுகூட அவருக்குக் கேட்கவில்லை. மூன்று தடவை என் அப்பாவின் மூச்சு அவர் முன்னால் வந்து நின்று அனுமதி கேட்டிருக்கிறது. மூன்று தடவையும் ஈ.

"என்னைக் கொலைகாரனைப் பாக்கற மாதிரிப் பாக்காத," என்றார்.

"இல்லீங்க. அவனுக்காவது யாரைக் கொல்றோம்னு தெரிஞ்சிருக்கும்."

அவர் காயப்பட்டார். ராத்திரி சாப்பிடவில்லை. தீங்கில்லாத மனிதர்களுக்குச் சீக்கிரம் மனசு புண்பட்டுவிடுகிறது.

*

மறுநாள் சந்தைக்கு நான் மட்டும் போனேன். மூலையில் இருந்த சாக்கை விலக்கச் சொன்னேன்.

"லாட்ஜ்ல இதுக்குத் தலைவர் யாரு?" என்று குணசீலனைக் கேட்டேன்.

"மேனேஜர்தான். மகா கருமி. லைட்டுக்கு வேணாம், டிவிக்கு வேணாம், ஃபேனுக்கு வேணாம். மூச்சு மெஷினுக்கு மட்டும் சரி சரின்னு போடுவாராம்."

"நல்ல மனுஷர்போல."

"நல்லதா? ரூம்ல ஆள் செத்தா போலீஸ் வரும், லாட்ஜை மூடுவாங்க. அந்தப் பயம். சாகறதா இருந்தா ஆஸ்பத்திரி வாசல்ல போய்ச் சாவுங்கன்னு போர்டே வைக்கலாமான்னு கேட்டவராம்."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கருமியின் பயத்தை மரியாதையோடு நினைத்தேன். அந்த ஆள் கேள்வியைப் படித்திருக்கிறார்.

"தலைவர் நம்பர் சொல்லுங்க."

என் எண்ணைச் சொன்னேன்.

"சார் நம்பர் இல்லையா?"

"தலைவர் நம்பர்தானே கேட்டீங்க?"

ஜட்ஜ் வீட்டு பேட்டரியை அண்ணி தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அழிக்கவில்லை. விருந்தாளிகளிடம் அதைக் காட்டி ஜட்ஜ் வீட்டுது என்று சொல்வதாகக் கேள்வி. அவர் வீட்டில் மூச்சு மெஷின் யாருக்கும் தேவைப்படவில்லை, இப்போதைக்கு.

லாட்ஜ் பேட்டரியைப் பொருத்திய அன்று மாலையே, அது பாதிகூடச் சார்ஜ் ஏறுவதற்குள், மின்சாரம் போனது. நான் அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. மெஷின் ஒருமுறை இருமிவிட்டுத் தொடர்ந்து உறுமியது. யாரையும் கேட்கவில்லை. விசிறிதான் போய்விட்டது. விசிறி மட்டையால் அப்பாவுக்கு வீசினேன்.

"இது எந்தக் கோர்ட்டும்மா?" என்றார் அப்பா.

"கோர்ட்டு இல்லப்பா. லாட்ஜு."

"அப்ப சரி. வாடகை குடுத்தா எடம் குடுப்பான்." கண்ணை மூடிக்கொண்டார்.

முன் அறையிலிருந்து கணவரின் குரல் கேட்டது. "தமயந்தி, ஏ.சி. நின்னுடுச்சு பாரு. உன் போனுக்கு ஏதாவது கேக்குதா?"

கேட்டது. அந்த லாட்ஜில் ஏ.சி. இருந்ததில்லை போலும். *முன் அறை. தெரியாத சாமான். தரவா, வேண்டாமா?*

இடது பக்கம் தள்ளினேன். ஆத்திரம். திங்கட்கிழமை மறுபடி கேட்டது. அதே பக்கம் தள்ளினேன். அன்று ஆத்திரம்கூட இல்லை, அரிசி களைந்துகொண்டிருந்தேன், கை ஈரமாக இருந்தது. தள்ளிய பிறகுதான் கவனித்தேன், என் கட்டைவிரலும் அதே மாதிரி வளைவதை.

மூன்றாவது முறை கேட்டபோது போனை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். முன் அறைக்குப் போய்க் கதவருகில் நின்று பார்த்தேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வியர்வை முதுகில் கோடு கோடாக இறங்கியது. பேட்டரியில் மின்சாரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு அரைமணி நேரம் தந்தால் அப்பாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எல்லாவற்றையும் பார்த்தேன். திரும்பி வந்து, கேள்வியை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படித்தேன்.

படித்த பிறகுதான் தள்ளினேன்.

மறுநாள் மின்சாரம் போனபோது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "இன்னிக்காவது உன்கிட்ட ஏ.சி.க்கு ஏதாவது கேட்டுச்சா?"

"இன்னிக்கா?" என்றேன். "இல்லவே இல்லீங்க."

அது பொய் இல்லை.